கைவினைத் தொழில்களுக்கான நிதியுதவி

கைவினைத் தொழில்களுக்கான நிதியுதவி என்பது நெசவு, மட்பாண்டம், உலோக வார்ப்பு, மரவேலை, பாய் முடைதல், கூடை பின்னுதல் போன்ற தொழில்களைச் சிறிய அளவில் நடத்தும் கைவினைஞர்களுக்கு அரசு, வங்கி, கூட்டுறவுச் சங்கம், தன்னார்வ அமைப்பு முதலியன வழங்கும் கடன், மானியம், கருவி, மூலப்பொருள், வட்டிச் சலுகை ஆகியவற்றைக் குறிக்கும். இத்தொழில்கள் பெரும்பாலும் வீட்டையே தொழிற்கூடமாகவும், குடும்பத்தினரையே தொழிலாளர்களாகவும் கொண்டவை. இவற்றுக்குத் தேவைப்படும் முதல் சிறியதாக இருப்பினும், அது கிடைக்காதபோது கைவினைஞர் மூலப்பொருளுக்கும் விற்பனைக்கும் ஒரே வணிகரைச் சார்ந்திருக்க நேரிடுகிறது.

நிதியுதவி கிடைத்தால் தொழில் வளரும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு ஆகும். ஆயினும், 19 ஆம் நூற்றாண்டு முதல் கிடைத்துள்ள அனுபவங்களும், 2000 ஆம் ஆண்டுக்குப் பின்னர் நடத்தப்பட்ட கள ஆய்வுகளும் இது எப்போதும் நிகழ்வதில்லை எனக் காட்டுகின்றன. பணத்தின் அளவு மட்டுமன்றி, அது எந்த வடிவில், எந்தக் காலத்தில், எத்தகைய நிபந்தனையுடன் கிடைக்கிறது என்பதும், மூலப்பொருளும் சந்தையும் யாருடைய கட்டுப்பாட்டில் உள்ளன என்பதும் தொழிலின் வளர்ச்சியைத் தீர்மானிக்கின்றன.

முதல் தேவையின் தன்மை

கைவினைஞருக்குத் தேவைப்படும் முதலை இரண்டாகப் பிரிக்கலாம். தறி, சக்கரம், உலை, உளி போன்ற கருவிகளுக்கும் தொழிற்கூடத்துக்கும் செலவிடப்படுவது நிலை மூலதனம் ஆகும். நூல், பட்டு, களிமண், பித்தளை, மரம், விறகு போன்றவற்றை வாங்குவதற்கும், பொருள் விற்றுப் பணம் வரும்வரை குடும்பத்தை நடத்துவதற்கும் வேண்டியது நடைமுறை மூலதனம் எனப்படும்.

பெரும்பாலான மரபுவழிக் கைவினைகளில் கருவிகள் பல ஆண்டுகள் உழைக்கக்கூடியவை. அவற்றுள் சில தலைமுறை தலைமுறையாகப் பயன்படுபவை. எனவே அன்றாட நெருக்கடி பெரும்பாலும் நடைமுறை மூலதனத்திலேயே தோன்றுகிறது. பட்டுச் சேலை நெய்பவர் விலை மிகுந்த பட்டு நூலையும் சரிகையையும் முன்னதாகவே வாங்க வேண்டும். சேலை முடிந்து விற்பனையாகும் வரை அப்பணம் முடங்கிக் கிடக்கும். வெள்ளி, தங்கம் ஆகியவற்றின் விலை உயரும்போது சரிகையின் விலையும் உயர்வதால், அதே எண்ணிக்கையிலான சேலைகளை நெய்வதற்கே கூடுதல் முதல் தேவைப்படுகிறது. பித்தளைக் குத்துவிளக்கு வார்ப்போரின் நிலையும் இத்தகையதே.

சில தொழில்களில் இத்தேவை பருவத்தைச் சார்ந்தது. பொங்கல் பானைகளும் கார்த்திகை அகல் விளக்குகளும் ஆண்டின் சில நாட்களிலேயே பெருமளவில் விற்பனையாகின்றன. ஆனால் அவற்றைச் செய்யும் மட்பாண்டத் தொழிலாளர் மண்ணும் விறகும் வாங்கிச் சேர்த்து, பல வாரங்கள் முன்னதாகவே வேலையைத் தொடங்க வேண்டும். மழைக்காலத்தில் பானைகளை உலர்த்த இயலாததால் வேலை தடைப்படும். பண்டிகை முடிந்த பின்னர் கிடைக்கும் கடனால் இவர்களுக்குப் பெரிய பயன் இல்லை.

வணிகர் முன்பணமும் சார்பு நிலையும்

வங்கிக் கடன் இல்லாத இடத்தில் வணிகர் தரும் முன்பணமே கைவினைஞரின் முதன்மையான நிதி வழியாக இருந்து வந்துள்ளது. வணிகர் பணமோ மூலப்பொருளோ கொடுப்பார். செய்து முடித்த பொருளை அவருக்கே கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. பெயரளவில் வட்டி இல்லாமலும் இருக்கலாம். ஆனால் விலையை வணிகரே முடிவு செய்வதால் வட்டி அவ்விலைக்குள் மறைந்துவிடுகிறது.

ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனி வங்காளத்தில் துணி வாங்குவதற்கு இத்தகைய முன்பண முறையைப் பயன்படுத்தியது. இது தாதினி முறை என அழைக்கப்பட்டது. தொடக்கத்தில் உள்ளூர் வணிகர்கள் வழியாக முன்பணம் கொடுக்கப்பட்டது. 1753 ஆம் ஆண்டில் கம்பனி இவ்வணிகர்களை விலக்கி, குமாஸ்தாக்கள் எனப்பட்ட தன் சொந்த முகவர்களை அமர்த்தியது. முன்பணம் பெற்ற நெசவாளர் வேறு எவருக்கும் துணி விற்கக்கூடாது என்னும் கட்டுப்பாடு பின்னர் ஒழுங்குவிதிகளாலும் வலுப்படுத்தப்பட்டது.

இதே அமைப்பு இன்றும் பல வடிவங்களில் நிலவுகிறது. கைத்தறித் துறையில் "மாஸ்டர் வீவர்" எனப்படும் தறி முதலாளி பாவும் ஊடையும் கொடுத்து, நெய்த துணிக்குக் கூலி மட்டும் தருகிறார். திருமணம், மருத்துவம் போன்ற செலவுகளுக்கும் அவரிடமே முன்பணம் பெறப்படுகிறது. அத்தொகை தீரும் வரை நெசவாளர் வேறு முதலாளியிடம் செல்ல இயலாது. மறுபுறம், இம்முறை விற்பனையாகாமல் தேங்கும் இழப்பைத் தறி முதலாளியின் மீது வைக்கிறது. அவசரத் தேவைக்கு உடனடியாகப் பணமும் கிடைக்கிறது. ஆவணங்கள் கேட்கும் வங்கியைவிட முதலாளியை நெசவாளர்கள் நாடுவதற்கு இதுவே காரணமாகும்.

ஆந்திரப் பிரதேசத்தின் நர்சாபூர் பகுதியில் வீட்டில் இருந்தபடி சரிகைப் பின்னல் வேலை செய்த பெண்களைப் பற்றிச் சமூகவியலாளர் மரியா மீஸ் எழுதிய ஆய்வு நூல் 1982 ஆம் ஆண்டில் வெளிவந்தது. உலகச் சந்தைக்குப் பொருள் செய்த இப்பெண்கள் தொழிலாளர்களாகவே கருதப்படாமல், ஓய்வு நேரத்தில் கைவேலை செய்யும் இல்லத்தரசிகளாகக் கணிக்கப்பட்டதையும், நூலும் விற்பனையும் வணிகர்களின் கையில் இருந்ததையும் அந்நூல் விளக்குகிறது.

வரலாறு

கைவினைஞர்களுக்கான அமைப்புசார்ந்த கடனின் தொடக்கத்தை ஜெர்மனியில் காணலாம். தொழிற்சாலைப் போட்டியால் நலிவுற்ற தச்சர்களுக்கும் காலணி செய்வோருக்கும் எர்மன் சுல்ட்சே-டெலிட்ச் என்பவர் 1849 ஆம் ஆண்டில் டெலிட்ச் நகரில் மூலப்பொருள் கொள்முதல் சங்கங்களை அமைத்தார். மறு ஆண்டில் உறுப்பினர்களுக்குக் கடன் தரும் சங்கத்தையும் தொடங்கினார். மூலப்பொருளைக் கூட்டாக வாங்குவது கடனுக்கு முன்னரே தொடங்கியது இங்கு குறிப்பிடத்தக்கது.

இந்தியாவில், சென்னை மாகாண அரசுக்காக பிரெடரிக் நிக்கல்சன் ஐரோப்பியக் கூட்டுறவுக் கடன் அமைப்புகளை ஆராய்ந்து 1895, 1897 ஆகிய ஆண்டுகளில் அறிக்கைகளை வெளியிட்டார். இதன் தொடர்ச்சியாக 1904 இல் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் சட்டம் நிறைவேற்றப்பட்டது. அச்சட்டம் கடன் சங்கங்களுக்கு மட்டுமே இடம் அளித்தது. கொள்முதல், உற்பத்தி, விற்பனை ஆகியவற்றுக்கான சங்கங்களையும் பதிவு செய்ய 1912 ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் வழிவகுத்தது. நெசவாளர் போன்ற கைவினைஞர்களின் உற்பத்திச் சங்கங்கள் வளர்வதற்கு இம்மாற்றம் முக்கியமானதாக இருந்தது. தமிழ்நாட்டில் கோ-ஆப்டெக்ஸ் என அறியப்படும் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் 1935 இல் நிறுவப்பட்டது.

விடுதலைக்குப் பின்னர் 1957 இல் கதர் கிராமத் தொழில்கள் ஆணையம் அமைக்கப்பட்டது. 1973 இல் தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகம் நிறுவப்பட்டது. இது "பூம்புகார்" என்னும் பெயரில் விற்பனை நிலையங்களை நடத்துகிறது. 1974 இல் அகமதாபாத் நகரில், இலா பட் தலைமையிலான சுயதொழில் பெண்கள் சங்கம் தனக்கென ஒரு கூட்டுறவு வங்கியைத் தொடங்கியது. சுமார் 4,000 பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் பங்குத் தொகை செலுத்தி இவ்வங்கியை உருவாக்கினர்.

வங்காளதேசத்தில் சிட்டகாங் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியரான முகம்மது யூனுஸ், 1976 இல் அருகில் உள்ள சோப்ரா என்னும் சிற்றூரில், மூங்கில் முக்காலி பின்னும் பெண் ஒருவரின் வருவாயைக் கேட்டறிந்தார். அப்பெண் ஐந்து டாக்கா பெறுமதியான மூங்கிலை வணிகரிடம் கடனாகப் பெற்று, செய்த முக்காலியை அவருக்கே விற்க வேண்டியிருந்தது. அவருக்கு எஞ்சியது ஐம்பது பைசா மட்டுமே. இவ்வாறு வணிகர்களிடம் கடன்பட்டிருந்த 42 பேருக்குத் தேவைப்பட்ட மொத்தத் தொகை 856 டாக்கா ஆகும். அத்தொகையை யூனுஸ் தாமே கொடுத்தார். இம்முயற்சி 1983 இல் கிராமின் வங்கியாக உருப்பெற்றது. 2006 ஆம் ஆண்டின் அமைதிக்கான நோபல் பரிசு யூனுசுக்கும் கிராமின் வங்கிக்கும் வழங்கப்பட்டது.

இந்தியாவில் 1992 இல் தேசிய வேளாண்மை மற்றும் ஊரக வளர்ச்சி வங்கி, சுய உதவிக் குழுக்களை வங்கிகளுடன் இணைக்கும் திட்டத்தை 500 குழுக்களுடன் முன்னோட்டமாகத் தொடங்கியது.

நிதியுதவியின் வடிவங்கள்

- நடைமுறை மூலதனக் கடன்: மூலப்பொருள் வாங்குவதற்கான குறுகிய காலக் கடன். வரம்புக்குள் எடுத்தும் திருப்பிச் செலுத்தியும் வரக்கூடிய காசுக்கடன் இதில் ஒரு வகை.
- தவணைக் கடன்: கருவி, தொழிற்கூடம் ஆகியவற்றுக்கான நீண்ட காலக் கடன்.
- நுண்கடன்: ஈடு இல்லாமல், பெரும்பாலும் குழுப் பொறுப்பின் அடிப்படையில் தரப்படும் சிறு கடன்.
- மானியம்: திருப்பிச் செலுத்த வேண்டாத தொகை. பெரும்பாலும் கடனுடன் இணைத்து வழங்கப்படுகிறது.
- பொருளுதவி: கருவிகள், நூல், சாயம் போன்றவற்றை நேரடியாக வழங்குதல்.
- வட்டிச் சலுகை, கடன் உத்தரவாதம்: வட்டியின் ஒரு பகுதியை அரசு ஏற்பது, கடன் திரும்பாவிட்டால் வங்கியின் இழப்பில் ஒரு பகுதியை ஈடுசெய்வது.
- விற்பனை ஆதரவு: தள்ளுபடி மானியம், அரசுக் கொள்முதல், கண்காட்சிகள் முதலியன.

கள ஆய்வுகளின் முடிவுகள்

நிதியுதவி பெற்றவரின் தொழில் வளர்ந்தால், அவ்வளர்ச்சிக்கு உதவிதான் காரணமா அல்லது திறமை மிக்கவரே உதவியைத் தேடிப் பெற்றாரா என்று கூறுவது கடினம். இதனைத் தவிர்ப்பதற்காக, உதவி பெறுவோரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து ஏனையோருடன் ஒப்பிடும் ஆய்வுகள் 2000களில் பரவலாயின.

இலங்கை

சுரேஷ் டி மெல், டேவிட் மெக்கன்சி, கிறிஸ்டோபர் வுட்ரஃப் ஆகியோர் 2005 முதல் களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களில் ஆய்வு நடத்தினர். சிறு கடைக்காரர்கள், தையல் வேலை செய்வோர், சரிகைப் பின்னல் செய்வோர், மூங்கில் பொருள் செய்வோர், ஆப்பம், இடியப்பம் தயாரிப்போர் போன்றவர்கள் இதில் இடம்பெற்றனர். குலுக்கலில் தேர்வானவர்களுக்கு 10,000 அல்லது 20,000 இலங்கை ரூபாய் பெறுமதியான உதவி, பணமாகவோ பொருளாகவோ வழங்கப்பட்டது. இம்முதலின் வருவாய் மாதத்துக்குச் சராசரியாக 4.6% முதல் 5.3% வரை இருந்ததாக 2008 இல் வெளியான கட்டுரை கூறுகிறது. இது அக்காலச் சந்தை வட்டி வீதத்தைவிட மிகவும் கூடுதலாகும். அதாவது, இத்தொழில்கள் இலாபமற்றவை என்பதால் அல்ல, முதல் கிடைக்காததாலேயே சிறியவையாக இருந்தன என்பதற்கு இது ஒரு சான்று.

ஆனால் இப்பயன் ஆண்கள் நடத்திய தொழில்களிலேயே காணப்பட்டது. பெண்களின் தொழில்களில் சராசரி இலாபம் உயரவில்லை. 2019 இல் வெளியான மற்றோர் ஆய்வு, இந்தியா, கானா ஆகிய நாடுகளின் தரவுகளுடன் இலங்கைத் தரவையும் மீளாய்வு செய்து, பெண்ணுக்குக் கிடைத்த முதல் பல குடும்பங்களில் கணவரின் தொழிலுக்குச் செல்வதைச் சுட்டிக்காட்டியது. எனவே பெண்ணின் திறமைக் குறைவாக இதைக் கொள்வது பொருந்தாது.

ஐதராபாத், கொல்கத்தா

அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலியோர் ஐதராபாத் நகரின் 104 குடியிருப்புப் பகுதிகளை எடுத்துக்கொண்டு, அவற்றுள் 52 பகுதிகளில் நுண்கடன் நிறுவனம் ஒன்று கிளை திறந்ததன் விளைவுகளை ஆராய்ந்தனர். 2015 இல் வெளியான முடிவுகளின்படி, தொழில் முதலீடு கூடியது. எனினும், இலாப உயர்வு ஏற்கெனவே நன்கு நடந்துவந்த தொழில்களிலேயே குவிந்திருந்தது. குடும்பங்களின் மொத்த நுகர்வில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை.

கொல்கத்தாவில் நடத்தப்பட்டு 2013 இல் வெளியான ஆய்வு, தவணை தொடங்கும் காலத்தை ஆராய்ந்தது. வழக்கமான நுண்கடனில் கடன் பெற்ற இரண்டு வாரங்களிலேயே தவணை தொடங்கிவிடும். இதற்கு மாறாக இரண்டு மாத அவகாசம் பெற்றவர்கள் தொழிலில் கூடுதலாக முதலிட்டனர். பின்னர் கூடுதல் இலாபமும் ஈட்டினர். அதேவேளை அவர்களிடையே கடன் திரும்பாமையும் அதிகரித்தது. வாரத் தவணை, நாள்தோறும் விற்பனை உள்ள கடைக்குப் பொருந்தலாம். பல வாரங்கள் உழைத்த பின்னரே பொருளை விற்கும் கைவினைஞருக்கு அது எளிதில் பொருந்துவதில்லை.

எகிப்து

எகிப்தின் ஃபூவா நகரில் கம்பளம் நெய்யும் சிறு தொழில்களைப் பற்றிய ஆய்வு 2017 இல் வெளியானது. டேவிட் அட்கின், அமித் கண்டேல்வால், ஆடம் ஓஸ்மான் ஆகியோர் இதனை நடத்தினர். இதில் கடனோ மானியமோ வழங்கப்படவில்லை. குலுக்கலில் தேர்வான நெசவாளர்களுக்கு வெளிநாட்டு வாடிக்கையாளர்களின் கம்பளக் கட்டளைகள் பெற்றுத் தரப்பட்டன. அவர்களது இலாபம் ஏனையோரைவிட 16% முதல் 26% வரை உயர்ந்தது. ஒரு மணி நேரத்தில் நெய்யும் அளவு குறைந்தது. ஆனால் தரம் பெரிதும் மேம்பட்டது. சந்தை கிடைப்பதே ஒருவகை முதலாகவும் பயிற்சியாகவும் செயற்படக்கூடும் என்பதை இது காட்டுகிறது.

கூட்டுறவு முறை: காஞ்சிபுரம்

காஞ்சிபுரம் பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் கடன், மூலப்பொருள், விற்பனை ஆகிய மூன்றையும் ஒன்றிணைக்கும் முறைக்கு எடுத்துக்காட்டு ஆகும். சங்கம் கூட்டுறவு வங்கியிடம் காசுக்கடன் பெற்று, பட்டும் சரிகையும் வாங்கி உறுப்பினருக்குக் கொடுக்கிறது. உறுப்பினர் தம் வீட்டுத் தறியில் நெய்து, சேலையைச் சங்கத்தில் ஒப்படைத்துக் கூலி பெறுகிறார். சங்கம் தன் விற்பனை நிலையங்கள் வழியாகவும் கோ-ஆப்டெக்ஸ் வழியாகவும் சேலைகளை விற்கிறது. இதனால் தனிப்பட்ட நெசவாளர் பெருந்தொகையைக் கடனாகப் பெறவேண்டிய தேவை இல்லை. சங்கம் இலாபம் ஈட்டினால் உறுப்பினருக்கும் அதில் பங்கு உண்டு.

இம்முறையின் பலவீனமும் இதே இணைப்பிலிருந்தே தோன்றுகிறது. சேலைகள் விற்பனையாகாமல் தேங்கினாலோ, அரசு தரவேண்டிய தள்ளுபடி மானியம் தாமதமானாலோ சங்கத்தின் பணம் முடங்கும். வங்கிக்கு வட்டி தொடர்ந்து ஏறும். பட்டு வாங்கப் பணம் இல்லாதபோது உறுப்பினருக்குப் பாவு கிடைப்பது தாமதமாகும், தறி நின்றுவிடும். அப்போது உறுப்பினர் மீண்டும் தனியார் முதலாளியிடமே செல்கிறார்.

இந்திய அரசுத் திட்டங்கள்

2008 இல் தொடங்கப்பட்ட பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம், புதிய குறுந்தொழில்களுக்கு வங்கிக் கடனுடன் 15% முதல் 35% வரை மானியம் வழங்குகிறது. 2015 இல் தொடங்கப்பட்ட முத்ரா திட்டத்தில் ஈடு இல்லாமல் கடன் தரப்படுகிறது. இதன் முதற்படியான "சிசு" பிரிவின் வரம்பு 50,000 ரூபாய் ஆகும்.

2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கப்பட்ட பிரதமரின் விசுவகர்மா திட்டம் தச்சர், கொல்லர், குயவர், சிற்பி உள்ளிட்ட 18 தொழில்களுக்கானது. இதில் முதற்கட்டமாக 18 மாதத் தவணையில் ஒரு இலட்சம் ரூபாயும், அதன் பின்னர் 30 மாதத் தவணையில் இரண்டு இலட்சம் ரூபாயும் 5% வட்டியில் கடனாக வழங்கப்படுகின்றன. கருவிகளுக்காக 15,000 ரூபாயும், பயிற்சிக் காலத்தில் நாளொன்றுக்கு 500 ரூபாயும் வழங்கப்படுகின்றன.

குடும்பத்தில் வழிவழியாகத் தொழில் செய்பவராக இருக்கவேண்டும் என்பது போன்ற நிபந்தனைகள் சாதிவழித் தொழிலை ஊக்குவிக்கும் எனக் கூறி, தமிழ்நாடு அரசு 2024 இல் இத்திட்டத்தை அதன் அப்போதைய வடிவில் செயற்படுத்த மறுத்தது. இதற்கு மாற்றாகக் கலைஞர் கைவினைத் திட்டத்தை அறிவித்து, 2025 ஏப்ரலில் தொடங்கியது. இத்திட்டம் 25 தொழில்களை உள்ளடக்கியது. குடும்பத் தொழில் என்னும் நிபந்தனை இதில் இல்லை. 35 வயது நிறைந்தவர்கள் விண்ணப்பிக்கலாம். மூன்று இலட்சம் ரூபாய் வரையான கடனுக்கு 25% மானியம், உயர்ந்த அளவாக 50,000 ரூபாய் வரை, வட்டி மானியத்துடன் வழங்க இத்திட்டம் வகைசெய்தது.

கடன் சுமையும் விமர்சனங்களும்

கடன் எளிதாகக் கிடைப்பது எப்போதும் நன்மை தருவதில்லை. ஆந்திரப் பிரதேசத்தில் பல நுண்கடன் நிறுவனங்கள் ஒரே குடும்பத்துக்குக் கடன் கொடுத்து, கடுமையான முறையில் வசூலித்தன. தற்கொலைகள் பற்றிய செய்திகள் வெளிவந்ததைத் தொடர்ந்து, 2010 அக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது. இதன் பின்னர் ரிசர்வ் வங்கி அமைத்த மாலேகம் குழு 2011 இல் அறிக்கை அளித்தது. நுண்கடன் நிறுவனங்களுக்கெனத் தனி விதிமுறைகள் உருவாயின. 2022 ஆம் ஆண்டின் விதிகளின்படி, ஒரு குடும்பத்தின் மாதத் தவணைகள் அதன் வருவாயில் பாதியைத் தாண்டக்கூடாது. இலங்கையிலும் நுண்கடன் சுமை பெரும் சிக்கலாகி, 2018 இல் அரசு வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாய்க்குக் குறைந்த நுண்கடன்களுக்குத் தள்ளுபடி அறிவித்தது.

இத்துறையில் பொதுவாக முன்வைக்கப்படும் ஏனைய விமர்சனங்கள் வருமாறு:

- பழைய கடன் முழுவதும் தீராமல் வங்கிக் கடன் மட்டும் கிடைத்தால், அப்பணம் வணிகரின் பாக்கியை அடைக்கவே செல்கிறது. அடுத்த மாதம் மூலப்பொருளுக்கு மீண்டும் அவரிடமே செல்ல நேர்கிறது.
- கூலிக்கு வேலை செய்யும் கைவினைஞரிடம் தொழிற்பதிவோ விற்பனைக் கணக்கோ இருப்பதில்லை. எனவே திட்டங்களின் பயன் இடைநிலை முதலாளிகளுக்குச் செல்லக்கூடும்.
- ஒரே ஊரில் பலருக்கு ஒரே தொழிலுக்குக் கடன் கொடுத்தால் உற்பத்தி கூடி விலை இறங்கும். சந்தையை விரிவாக்காத கடன் கைவினைஞர்களைத் தமக்குள் போட்டியிடச் செய்கிறது.
- நெசவின் முன்வேலைகளான பாவு ஓட்டுதல், நூல் சுற்றுதல் ஆகியவற்றைச் செய்யும் பெண்கள் பல இடங்களில் தனித் தொழிலாளர்களாகப் பதிவு பெறாததால் உதவிக்கு வெளியே நிற்கின்றனர்.

மறுபுறம், கடனின் பயனை உற்பத்தி வளர்ச்சியால் மட்டும் அளவிடக்கூடாது என்ற கருத்தும் உண்டு. விற்பனை குறைந்த மாதத்தில் தறியை விற்காமல் காப்பாற்றுவதும், பண்டிகை வரை சரக்கைக் கையில் வைத்திருந்து நல்ல விலைக்கு விற்பதும், விலை பேசும்போது மறுத்துச் சொல்ல முடிவதும் கைவினைஞருக்குக் கிடைக்கும் பயன்களே. தொழிலின் அளவு மாறாமலேயே அதைச் செய்பவரின் நிலை மேம்பட இவை இடமளிக்கின்றன.

இவற்றையும் பார்க்கவும்

- நுண்கடன்
- கூட்டுறவு
- சுய உதவிக் குழு
- கைத்தறி
- கோ-ஆப்டெக்ஸ்
- கிராமின் வங்கி
- காஞ்சிபுரம் பட்டு